சத்து மாத்திரை டப்பா

இருமல் அடுப்படியிலிருந்து வந்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். கடைசியில் விரிசல் விட்ட கதவில் காற்று நுழைவதுபோல ஓர் இழுப்பு. ஆத்மநாதனின் இருமலேதான், சந்தேகமே இல்லை. அந்த ஆத்மநாதனோ மனைவி சொர்ணவல்லியின் கண்ணெதிரே கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இருமுனீங்களா?"

"நானா? நான் இருமி ஒரு மாசம் ஆச்சே!"

உண்மைதான். பீடியைத் தொட்டறியாத மனுசனுக்கு நுரையீரலில் புற்று என்றபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. சதைத்துணுக்கை எடுத்து ஜீன் வரைக்கும் சோதித்துப் பார்த்த டாக்டர், "கீமோ வேணாம்மா, தினம் ஒரு மாத்திரை போதும்" என்றார். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே இவர் பாதி செத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். "வெறும் சளிதாங்க" என்று சொல்லிவிட்டாள். அட்டையைப் பிரித்து, அந்த மஞ்சள் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுவைத்து, மூன்று மாதமாகத் தினமும் காலையில் சிரித்த முகத்தோடு கொடுத்தாள். போன வாரம் புதுக்கோட்டையில் எடுத்த ஸ்கேனில் கட்டி பட்டாணி அளவுக்குச் சுருங்கியிருந்தது. அப்பாடா என்று அவள் மூச்சுவிட்ட நேரம் பாருங்கள், இந்தச் சனியன் அடுப்படியில் குடியேறிவிட்டது!

எழுந்து போய்ப் பார்த்தாள். பால் சட்டி, அரிவாள்மனை, மூலையில் ஈரச்சாக்கு. ஆளில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து வாடை மட்டும் அங்கே நின்றது.

மறுநாள் கொல்லையில், காயப்போட்ட சேலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. அடுத்த நாள் கதவுக்குப் பின்னால். பிறகு காதோரம். சூடான மூச்சோடு.

வெள்ளிக்கிழமை பூ கட்டும்போது அவள் நெஞ்சுக்குள்ளிருந்தே வந்தது.

இரண்டு குட்டை. ஒரு நீளம்.

"சும்மா ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம், வா" என்று ஆத்மநாதன் அவளைக் கறம்பக்குடியில் பஸ் ஏற்றினார். அவளுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் அறைக்குள் அவர் மட்டும் போனார். கதவு வெகுநேரம் திறக்கவேயில்லை.

வெளியே வந்தவர் சிரித்தார். "வெறும் சளிதான் சொர்ணம்."

அது அவளுடைய சிரிப்பு. மூன்று மாதம் அவள் சிரித்த அதே சிரிப்பு. ஐயோ, இந்த மனுசன் எல்லாம் தெரிந்தேதான் வாங்கி விழுங்கினாரா?

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிட்டார்கள். அவர் நேரே அடுப்படிக்குப் போனார். அட்டை பிரியும் சத்தம். டக். டக். டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக விழும் சத்தம். அவளுக்குத் தெரியாத சத்தமா அது?

செம்பில் தண்ணீரோடு வந்து எதிரே நின்றார். உள்ளங்கையில் அதே மஞ்சள் மாத்திரை.

"சத்து மாத்திரைதான். போட்டுக்க."

வாங்கிக்கொண்டாள். சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

அடுப்படியில் இருமல் கேட்டது. இரண்டு குட்டை. ஒரு நீளம்.

ஆனால் இப்போது அது ஒரு பெண்ணின் இருமல். அவளுடையது.

ஆத்மநாதனின் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் மெல்ல அடுப்படிப் பக்கம் திரும்பியது.