மதியம் 1.22க்கு அச்சான வாக்குமூலம்

திங்கட்கிழமை, காலை 9.40.

"உன் சர்வர்ல ஓட்டை இருக்கு உமா. இல்லேன்னா உள்ள இருக்கறவன் திருடன். ரெண்டுல ஒண்ணு. நேர்ல வா."

மங்களம் அவ்வளவுதான் சொன்னாள். போன் வைக்கப்பட்டுவிட்டது. புக்கிட் பாஞ்சாங் வீட்டில் பாதி குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு உமாமகேஸ்வரி கிளம்பினாள். பதினெட்டு வருடமாக அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். வேலையில் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வாள். ஓட்டை என்ற சொல்லைத்தான் ரயில் பயணம் முழுக்க அவளால் பொறுக்க முடியவில்லை.

லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது மங்களத்தின் மொழிபெயர்ப்பு அலுவலகம். நான்கு பேர், நான்கு கணினி, ஒரு பெரிய பிரிண்டர். எல்லாவற்றுக்கும் நடுவில் அலமாரி மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதுதான் சர்வர். போன வருடம் உமா அமைத்துக் கொடுத்தது. கோப்புகள் எல்லாம் அதில் இருக்கும். யார் அச்சிடக் கொடுத்தாலும் அதன் வழியாகத்தான் பிரிண்டருக்குப் போகும். பொதுவான கோப்புறையை எல்லோரும் திறக்கலாம். வழக்கு சம்பந்தமான கோப்புறையை மங்களமும் ரியாஸும் மட்டும், அவரவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத் திறக்கலாம். அலுவலகத்துக்கு வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைய முடியாது.

காலை 10.35.

ரியாஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். இருபத்தேழு வயது, உட்லண்ட்ஸ்காரன், தமிழும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் மாற்றிச் சொல்லக்கூடிய மொழிபெயர்ப்பாளன். கையில் வேலைநீக்கக் கடிதம். அவனை உள்ளே உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"என்னக்கா நடந்துச்சு?" என்று உமா மங்களத்திடம் கேட்டாள்.

மங்களம் தன் போனை நீட்டினாள். திரையில் ஒரு தாளின் புகைப்படம். அழகுராஜா என்ற கட்டுமானத் தொழிலாளியின் வாக்குமூலம், முதல் பக்கம்.

கதை இதுதான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கட்டுமானத் தளத்தில் சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து முதுகெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். குத்தகைக்காரர், "பாதுகாப்பு பெல்ட் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை" என்றார். பெல்ட்டே கொடுக்காததை நேரில் பார்த்தவர் அழகுராஜா ஒருவர்தான். விசாரணை நாள் வரை தன் பெயர் வெளியே வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு வாக்குமூலம் கொடுத்தார். வழக்கறிஞர் அதை மொழிபெயர்க்க இங்கே அனுப்பினார். விசாரணை நாளைக்கு.

"சனிக்கிழமை அந்தத் தளத்து சூப்பர்வைசர் இந்தப் போட்டோவை அழகுராஜாவுக்கே அனுப்பி, 'இது நீதானே'ன்னு கேட்டிருக்கான். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ஊருக்கு ஃபிளைட் போட்டுட்டாங்க. தொழிலாளர் டார்மிட்டரியில சாமான் கட்டச் சொல்லிட்டாங்க" என்றாள் மங்களம்.

உமா அந்தப் புகைப்படத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னதற்கு ஒரு மனிதனை மூட்டை கட்ட வைக்கிறார்கள்.

"ரியாஸ்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"உன் சர்வர்தான் சொல்லுது. தாள் செலவு பார்க்க ஒரு லிஸ்ட் வெச்சுக் குடுத்தியே, அதுல பாரு. வெள்ளிக்கிழமை மதியம் 1.22. பேரு ரியாஸ். கோப்பு அழகுராஜா வாக்குமூலம். ஆறு பக்கம்."

"நான் அப்ப தொழுகையில இருந்தேன் அக்கா" என்றான் ரியாஸ் வாசலிலிருந்து.

"பள்ளிவாசல் இங்கிருந்து மூணு நிமிஷ நடை" என்றாள் மங்களம். "கூட்டத்துல யார் எழுந்து வந்தான்னு யாருக்குத் தெரியும்? இவன் ஒண்ணுவிட்ட அண்ணன் அதே குத்தகைக்காரர்கிட்ட லாரி ஓட்டறான். அதையும் நான் சேர்த்துப் பார்க்கணும் இல்ல?"

ரியாஸ் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்த உமா தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"முதல்ல உட்காரு தம்பி."

காலை 10.50.

உமா ஒவ்வொருவராகக் கேட்டாள். முதலில் ரியாஸ்.

"வெள்ளிக்கிழமை எப்ப ஆபீஸ் வந்த?"

"ரெண்டு பத்துக்கு. காலையில நேரா ஆஸ்பத்திரி. அங்கிருந்து தொழுகை."

"கடவுச்சொல் யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. ஆனா நீங்க முதல்ல குடுத்ததையே வெச்சிருக்கேன். மாத்தணும்னு வருண் அண்ணன்கிட்ட கேட்டேன். 'வேணாம் லா, மறந்துடுவே'ன்னாரு."

உமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு முன் முதல்நாள் கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி அவள்தான் கொடுத்திருந்தாள். பொது மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள்; அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

அடுத்து கபிலன். பக்க வடிவமைப்பாளன். அலுவலகத்துக் கணினிகளில் எல்லாத் தமிழ் எழுத்துருக்களையும் ஏற்றி வைத்தவன்.

"வெள்ளிக்கிழமை மதியம்?"

"இங்கதான் இருந்தேன் அக்கா. வியாழன் சாயங்காலம் அஞ்சரைக்கு பிரிண்டர் மை தீர்ந்துபோச்சு. வருண் அண்ணன் அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு, நானே டோனர் ஆர்டர் பண்ணேன். வெள்ளி ஒண்ணேகாலுக்குத்தான் புது டோனர் வந்துச்சு. மாட்டினேன். தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. என்னோட கையேடு முதல்ல வந்துச்சு, எடுத்துக்கிட்டு சாப்பிட தேக்கா சந்தைப் பக்கம் போயிட்டேன்."

"ரியாஸைப் பார்த்தியா?"

"இல்ல. ஆனா நான் போன பிறகு வந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

கடைசியாக வருண். அலுவலக மேலாளர். நாற்பதை நெருங்குபவர், சலவை மடிப்பு கலையாத சட்டை.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கே ஆங் மோ கியோ போயிட்டேன். கிளையண்ட் மீட்டிங். மூணு மணிக்குத்தான் திரும்பினேன். வேணும்னா அவங்களையே கேளுங்க" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பாவம், சின்னப் பையன். போலீஸ் வரைக்கும் போகாம முடிச்சிடலாம். அவன் எதிர்காலத்தைப் பார்க்கணும் இல்ல?" என்றார்.

அந்தப் பரிவு உமாவுக்குப் பிடிக்கவில்லை. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவனுக்கு மன்னிப்பு வழங்க இவர் யார்?

காலை 11.30.

உமா மங்களத்தின் கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்தாள். மங்களம் பார்த்தது ஒரே ஒரு வரி. உமா அதற்கு மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

1.18, கபிலன், கையேடு. 1.21, மங்களம், கடிதம். 1.22, ரியாஸ், வாக்குமூலம். 1.24, கபிலன், படிவம்.

இரண்டு முறை படித்தாள். பிறகு மங்களத்தைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மதியம் 1.21க்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வக்கீல் ஆபீஸ்ல. பன்னெண்டரையிலிருந்து ரெண்டரை வரைக்கும்."

"நல்லா யோசிங்க. இங்க இல்லையே?"

"என்ன கேள்வி இது? அவர் முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன்."

"அப்படின்னா 1.21க்கு இங்க உட்கார்ந்து உங்க பேர்ல லெட்டர் பிரிண்ட் பண்ணது யாரு?"

மங்களம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவள் பெயர்தான். கூட்டுறவுச் சங்கத்துக்கு அவளே எழுதிய கடிதம்.

"இது... வியாழன் சாயங்காலம் குடுத்தேன். வரவே இல்ல. மை இல்லன்னு கபிலன் சொன்னான். அப்படியே போயிட்டேன்."

"அதேதான். மை இல்லாதப்ப குடுத்ததெல்லாம் சர்வர்ல வரிசையா காத்துக்கிட்டு இருந்திருக்கு. கபிலன் டோனர் மாட்டினதும் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்திருக்கு. இந்த லிஸ்ட்ல இருக்கறது தாள் வெளிய வந்த நேரம். கட்டளை குடுத்த நேரம் இல்ல. தாள் கணக்குக்காகக் குடுத்த லிஸ்ட்டை வெச்சு நீங்க ஒரு ஆளோட வாழ்க்கையை முடிச்சிட்டீங்க."

உமா சர்வருக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு அச்சு வேலையும் வந்து சேர்ந்த நேரம் அங்கே தனியாகப் பதிந்திருந்தது. கபிலனின் கையேடு, வியாழன் மாலை 5.35. மங்களத்தின் கடிதம், 5.48. வாக்குமூலம், வெள்ளி காலை 9.12.

"வெள்ளி காலை 9.12க்கு ரியாஸ் எங்க இருந்தான் அக்கா?"

மங்களத்துக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அடிபட்டவரின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ரியாஸ். எட்டரை மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. அந்த மனிதர் வலியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை ரியாஸ் ஒரு சொல் விடாமல் அவளுக்காக எழுதினான்.

"என்கூட" என்றாள்.

"உங்ககூட. இத்தனைக்கும் நீங்கதான் அவனுக்கு சாட்சி."

பகல் 12.05.

"காலை ஒன்பது மணிக்கு இங்க இருந்தது ரெண்டு பேர்" என்றாள் உமா. கபிலனும் வருணும் எதிரே நின்றார்கள். "எந்தக் கணினியிலிருந்து வந்ததுன்னு பதிவாகலை. எல்லாமே சர்வர் வழியா போறதால சர்வர் பேர்தான் விழுது. அது நான் விட்ட குறை, ஒத்துக்கறேன். ஆனா தாளே சொல்லுது."

அழகுராஜாவுக்கு வந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். உள்ளே இருந்த தமிழ் எல்லாம் சரியாக இருந்தது. தாளின் உச்சியில், அலுவலகப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விழுக்காட்டுக் குறியும் கலந்து கிடந்தன.

"போட்டோ கலங்கியிருக்குன்னு நினைச்சேன்" என்றாள் மங்களம்.

"மத்த எழுத்து கலங்கலையே அக்கா. உங்க ஆபீஸ் தலைப்பு மட்டும் பழைய எழுத்துருல அடிச்சது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா இப்படித்தான் வரும்."

கபிலன் எட்டிப் பார்த்தான். "ஆமா அக்கா. ஆனா நாலு மெஷின்லயும் நான் ஏத்தியிருக்கேனே."

உமா அலுவலகக் கடிதத் தாள் ஒன்றை மங்களத்தின் கணினியில் திறந்தாள். தலைப்பு அழகாக வந்தது. ரியாஸின் கணினியில், சரியாக வந்தது. கபிலனின் கணினியில், சரியாக வந்தது.

"வருண், உங்க மெஷின்?"

"என்னோடது பழுது. போன வாரத்திலிருந்து என் சொந்த லேப்டாப்தான்."

"அதுல யார் எழுத்துரு ஏத்தினது?"

வருண் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கபிலன்தான் மெதுவாகச் சொன்னான். "நான் தொடவே இல்ல. பிரிண்டர்கூட அவரே செட் பண்ணிக்கிட்டாரு."

"திறங்க."

"இதெல்லாம் என்ன சாட்சி? யாராவது ஒரு லேப்டாப் கொண்டு வந்து..."

"திறங்க வருண்" என்றாள் மங்களம்.

லேப்டாப் திறந்தது. கடிதத் தாள் விரிந்தது. உச்சியில் அதே ஆங்கில எழுத்துகள், அதே அரைப்புள்ளிகள், அதே விழுக்காட்டுக் குறி. உமா போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒரு குறிகூட மாறவில்லை.

"ஒன்பது மணிக்கு ரியாஸ் பேர்ல நுழைஞ்சு அச்சிடக் குடுத்தீங்க. வியாழன் சீக்கிரமே போயிட்டதால மை தீர்ந்தது உங்களுக்குத் தெரியாது. தாள் வரல. பதினோரு மணிக்கு வேற வழியில்லாம கிளம்பினீங்க. மூணு மணிக்கு வந்தப்ப தாள் தட்டுல தயாரா இருந்தது. லிஸ்ட்ல 1.22ன்னு விழுந்ததும், நீங்க ஆங் மோ கியோவில இருந்ததும் உங்களுக்கு அடிச்ச அதிர்ஷ்டம்."

வருண் லேப்டாப்பை மூடினார்.

"பேசிப் பார்க்கத்தான் போறோம்னு குத்தகைக்காரர் ஆளுங்க சொன்னாங்க. ஊருக்கு அனுப்புவாங்கன்னு நினைக்கல. அவங்க தலைமை ஆபீஸ்ல எனக்கு ஒரு பதவி..."

"அதுக்கு ரியாஸ் பேரா?" என்றாள் உமா. "அந்தக் கோப்புறை உங்களுக்குத் திறக்காது, அது சரி. மாட்டினா அவன் மாட்டட்டும்னு நினைச்சீங்க. அப்புறம் அவனுக்கே பரிதாபப்பட்டீங்க."



பகல் 12.20.

மங்களம் எழுந்து ரியாஸின் எதிரே போய் நின்றாள். "தப்பு பண்ணிட்டேன் ரியாஸ். அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடு. நாளையிலிருந்து..."

"மேடம், அது அப்புறம்" என்றான் ரியாஸ். "ஃபிளைட் ஆறு மணிக்கு. முதல்ல வக்கீலைக் கூப்பிடுங்க."

அன்று காலையிலிருந்து அந்த அறையில் அழகுராஜாவை நினைத்துப் பேசிய முதல் ஆள் அவன்தான். உமாவுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சர்வரின் பதிவுகளை அவள் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோதே வழக்கறிஞர் அதிகாரிகளிடம் பேச ஆரம்பித்துவிட்டார். மூன்று மணிக்கு அழகுராஜா விமான நிலையப் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார். வருணின் லேப்டாப்பை நான்கு மணிக்குக் காவல்துறை எடுத்துக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை, காலை 10.00.

விசாரணை அறையில் அழகுராஜாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டார்.

"ரியாஸ்னு ஒரு தம்பி. என் பேரு வெளிய போனதுக்கு அவரைத்தான் பிடிச்சாங்களாம். அவரே சொல்லட்டும்."

அழைத்தபோது ரியாஸ் உட்லண்ட்ஸ் வீட்டில் இருந்தான். மங்களத்தின் அலுவலகத்துக்கு அவன் திரும்பவில்லை. திரும்புவதாக வாக்கும் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, அழகுராஜாவின் பக்கத்தில் நின்றான்.

"பெயர்?" என்று கேட்டார் அதிகாரி.

அழகுராஜா தன் பெயரை, அப்பா பெயரை, ஊரை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ரியாஸ் அதைவிடச் சற்று உரக்க ஆங்கிலத்தில் சொன்னான்.