சுண்ணாம்புத் தொட்டி

முளைக்கவில்லை. நாற்றுவிட ஊறவைத்துச் சாக்கில் கட்டியிருந்த விதைநெல் இந்நேரம் மூக்கு நீட்டியிருக்க வேண்டும். மரியபுஷ்பம் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு நெல்மணியிலும் சுண்ணாம்பு அப்பிக் கல்லாய்க் கிடக்கிறது, கூடவே குப்பென்று ஜாதிக்காய் வாசம்.

நாகப்பட்டினத்தில் டச்சுக்காரன் காலத்துக் கிடங்கொன்றை அவள் புருஷன் கிளமென்ட் கப்பல் சம்பளத்தில் வாங்கி வீடாக்கியபோது ஊரே வாயைப் பிளந்தது. வாங்கி என்ன கண்டார்கள்? தரையைப் பெயர்த்ததில் ஒரு ஜாடி ஜாதிக்காய் கிடைத்தது, எல்லாம் சுண்ணாம்புப் பூச்சோடு. வருஷக்கணக்காய் வேளாங்கண்ணிக்கு நடந்து இப்போதுதான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது, ஆறு மாதம். பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்க ஆகுமே என்று சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டாள். நம் ஊர்ப் பெண் வேறென்ன செய்வாள்!

சாயங்காலம் ரோட்டர்டாமிலிருந்து கிளமென்ட் போன் செய்தான்.

"கழுவிட்டியா? அடிப்பாவி!" என்று சிரித்தான். "வேற ஊர்ல எவனும் நட்டு மரமாக்கிடக் கூடாதுன்னு ஜாதிக்காய முளைக்காதபடி சுண்ணாம்புல முக்கித்தான் விப்பானாம் டச்சுக்காரன். முக்குன அடிமைங்கள்ல நம்ம சனமும் உண்டாம், பஞ்சத்துல வாங்கி ஜாதிக்காய் வெளையுற தீவுக்குக் கப்பலேத்துனது. இங்க மியூசியத்துல போட்டிருக்கான்."

"சிரிக்காதீங்க. விதைநெல் பூரா போச்சு. கோழி அடைகாக்குற முட்டைகூட சுண்ணாம்பு பூத்துக் கெடக்குங்க. எனக்கு பயமா இருக்கு."

"பழைய சுவருடி, உதிர்ந்திருக்கும்..."

லைன் அறுந்தது. கரண்டும் போனது.

பின்கட்டில் வெறுமனே கிடந்த கல்தொட்டியிலிருந்து, யாரோ கலக்குவது போல் சளக் சளக்கென்று சத்தம் வந்தது. நீறிய சுண்ணாம்பின் சூடான நெடி ஜாதிக்காய் வாசத்தோடு கலந்து கண்ணைக் கரிக்க, இருண்ட சுவரோரம் குனிந்த முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கதவு திறக்கவில்லை.

மாதாவே. என்னை எடுத்துக்கோ. இதை விட்டுடு.

கைகள். வெந்து தோலுரிந்த கைகள். நாலா பக்கமும். முரட்டுத்தனமே இல்லை. பேறுகாலம் பார்க்கிறவள் போலப் பதமாகத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கின.

"பொறுத்துக்க தாயி," என்றது ஒரு குரல், நம் ஊர்த் தமிழில். "முளைக்க விட்டா தொரை எங்களை உசுரோட உரிச்சிருவான்."

பாதம். முட்டி. இடுப்பு. எரிந்தது.

உள்ளே பிள்ளை உதைத்தது. மறுபடி உதைத்தது.

கைகள் அவளை இன்னும் கொஞ்சம் ஆழமாக முக்கிப் பிடித்துக்கொண்டு, உதை நிற்கும்வரை காத்திருந்தன.