நடுவட்டத்தில் செத்த ஸ்விட்சுகள்

“அக்கா, நான் டூப்ளிகேட் விக்கறவ இல்லைன்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபிச்சுக் குடுங்க!”

ஊட்டி மார்க்கெட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ரஞ்சனி, சொட்டும் குடையை மடக்கக்கூட மறந்து நின்றாள். முன்னாள் இன்சூரன்ஸ் சர்வேயரும் இந்நாள் துப்பறிவாளருமான பாலாமணி, மொறுமொறு வர்க்கி பிஸ்கட்டை டீயில் முக்கியபடி, “உக்காரும்மா” என்றாள். அவளுடைய ஜீப்பை ஓட்டும் கூட்டாளி வினோத்துக்கு, யாரையாவது பிடிக்க அப்போதே கை துறுதுறுத்தது.

நடுவட்டம் டீ ஃபேக்டரியில் பச்சை இலையை வாட்டும் ராட்சத விசிறியின் வேகம், உள்ளங்கை அளவு ஐ.ஜி.பி.டி. ஒன்றின் கையில் இருக்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் செமிகண்டக்டர் ஸ்விட்ச் அது. ரஞ்சனி விற்ற மூன்றில் இரண்டு, மாட்டியவுடனே செத்துப்போயின.

“சரக்குத் தட்டுப்பாடுங்க. பழசைத் தேய்ச்சுப் புதுப் பேரு அடிச்சு விக்கறாங்க. நானும் அந்தக் கூட்டம்னு மேனேஜர் இன்னைக்கு எல்லா ஃபேக்டரிக்கும் சொல்லப் போறாரு. அப்புறம் என் கடைப்பக்கம் யாரு வருவாங்க?”

“அதே பெட்டியிலருந்து வேற யாருக்காவது குடுத்தியா?”

“குன்னூருக்குங்க. கவரைப் பிரிச்ச கையோட மாட்டினாங்க, ஜம்முனு ஓடுது.”

நடுவட்டத்தில் மேனேஜர் மனோகரன் மூவரையும் முறைப்போடு வரவேற்றார். ஸ்டோர்கீப்பர் வேலுசாமி, மாட்டாமல் வைத்திருந்த மூன்றாவது ஸ்விட்சைப் பிறந்த குழந்தைபோல் ஏந்தி வந்தார். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, மேலிருந்த எழுத்தைத் தேய்த்தாள் பாலாமணி. அழியவில்லை.

“போலின்னா மேல அடிச்ச பேரு கரைஞ்சிருக்கும். இது அசல்.”

“அப்போ மத்த ரெண்டையும் மாத்தினது இவர்தான்!” வினோத் வேலுசாமியின் சட்டையைப் பிடிக்காத குறை.

“ஏனுங்க, ஒரு ஆணியைக்கூட நான் ஊட்டுக்குக் கொண்டு போனதில்லீங்க!”

பாலாமணி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஸ்விட்சின் கறுப்பு பிளாஸ்டிக்கில் செந்நிறத் தேயிலை நார் ஒட்டியிருந்தது. ஊதினாள். எழும்பிய நார் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

“இதை எங்க வச்சிருந்தீங்க?”

“தூள் சலிக்கிற ரூம்லதானுங்க. மழைக்காலத்துல ஃபேக்டரியிலயே காய்ஞ்ச இடம் அது. ஃப்யூஸ், தீப்பெட்டி, என் மப்ளர் எல்லாமே அங்கதான்.”

“இது வந்த வெள்ளி நிறக் கவர்?”

“உள்ள ஈரம் கோத்துக்கும்னு வந்த அன்னைக்கே மூணையும் உரிச்சுப்போட்டேனுங்க.”

எல்லோரையும் தூள் சலிக்கும் அறைக்கு அழைத்துப் போனாள் பாலாமணி. சுழலும் பிளாஸ்டிக் உருளைகள் தூளிலிருந்து நாரை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே வேலுசாமியின் அலமாரி.

“வினோத், உருளைகிட்ட கையை நீட்டு. தொடாதே.”

நீட்டினான். கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. “யம்மாடி!”

“உரசி உரசி நிலைமின்சாரம் உண்டாக்கித்தான் இது நாரைத் தூக்குது. அந்த மின்சாரமே ஐ.ஜி.பி.டி.க்கு விஷம். வெள்ளிக் கவர்தான் அதுக்குக் கவசம். குன்னூர்ல கவரோட இருந்தது பிழைச்சுது. இங்க அது இல்லாம செத்துது. மேனேஜர் சார், உங்க ஃபேக்டரியில திருடன் இல்லை. பாசக்காரர்தான் இருக்கார்.”

“வாயால சொன்னாப் போதுமா?” என்றார் மனோகரன்.

ரஞ்சனி, அதே பெட்டியில் மிச்சமிருந்த பிரிக்காத கவர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டு பிரித்து, தானே மாட்டினாள். பட்டனை அழுத்தியதும் விசிறி மெல்ல முனகி, வேகம் பிடிக்க, வாடக் காத்திருந்த இலையெல்லாம் சிலிர்த்தன.

மனோகரன் தொண்டையைச் செருமினார். “அது வந்தும்மா... ஸ்பேருக்கு இன்னும் ரெண்டு கிடைக்குமா?”

“தர்றேனுங்க. மத்த ஃபேக்டரிக்கும் என் கடை பேரைச் சொல்லுங்க. ஆனா ஸ்பேர் என் கடையிலயே இருக்கட்டும். வேலுசாமி அண்ணன் கண்ணுல படவே கூடாது!”

வேலுசாமிதான் முதலில் சிரித்தார்.