அளவு நோட்டில் இரண்டு பக்கங்கள்

விடிந்ததும் மாமனாரின் இடுப்பை அளப்பது மூத்த மருமகளின் வேலையாகிவிட்டது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள் அவள். பைஜாமாவைத் தளர்த்தித் தரவேண்டும் என்பது சாக்கு. அன்று டேப் நாற்பத்திமூன்றில் வந்து நின்றது. போன வாரம் நாற்பத்தியொன்று.

"கூடிருச்சாம்மா?" என்றார் பெரியவர்.

"இல்ல மாமா... டேப்பு பழசு. இழுபடுது."

பொய்தான். கெட்டுப்போன ஈரல் அவர் வயிற்றில் நீரை இறக்கிக்கொண்டே இருந்தது. குடும்பத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லி நான்கு மாதமாயிற்று. மூத்த மகனுக்கு ரத்தவகை சேரவில்லை. இளையவனுக்குச் சர்க்கரை. அவனும் ஆகாது என்று தெரிந்த அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், இரண்டு நாள் வாயில் தண்ணீர்கூட வைக்கவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் போர்வைக்குள் இருந்த பெரியவரின் வயிறுதான் அவள் கண்ணில் பட்டது.

"பெரியவர் நல்லா தேறிட்டாரே! பூசினாப்புல இருக்காரு," என்றாள் மாமியாரிடம். "ஆனா உங்க மூத்த மருமக ஏங்க இப்படி உருகிப் போயிட்டா? எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்க... எங்க சொந்தத்துல ஒருத்தி இப்படித்தான் இளைச்சா. மூணே மாசம்..."

டீச்சர் கையை மேலே காட்டினாள். கண்ணாடி போட்டும் அவ்வளவுதான் தெரிகிறது என்றால் என்ன செய்வது!

மருமகள் சிரித்து வைத்தாள். தைக்க வருகிறவர்களிடம், "மெஷின் மிதிச்சே தேஞ்சுட்டேன்" என்பாள். 'குண்டம்மா' என்று பதினாறு வருடம் கூப்பிட்டவர்கள் 'ஒட்டடைக்குச்சி' என்று மாற்றிக்கொண்டபோதும், "ஏதோ ஒரு பேரு இருந்தா சரி" என்றாள். எல்லாருக்கும் ஒரு பதில் இருந்தது. மாமியாருக்கு மட்டும்தான் இல்லை.

அவளுடைய ரத்தம் பெரியவருக்குச் சேரும். ஆனால் அவள் ஈரலில் கொழுப்பு இருந்தது. பத்து கிலோ குறைந்தால் பார்க்கலாம், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இன்னொரு முறை ஆசை காட்டி ஏமாற்றினால் பெரியவர் தாங்கமாட்டார். அதனால் கணவனிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். கடைசி ஸ்கேன் முடிந்துவிட்டது. இன்று பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அடுப்படியில் தட்டில் பாதியை அவள் திருப்பி வைத்ததுதான் தாமதம், மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஒரு உசுரு ஊசலாடுது... இவளுக்கு இடுப்பு கேக்குது! சோத்தத் தள்ளி வைக்கிறதும், இருட்டோட எந்திரிச்சுத் தெருத்தெருவா நடக்கிறதும்... யாருக்குடி காட்ட இந்த உடம்பு?"

"அம்மா!" கூடத்திலிருந்து கணவன் பாய்ந்து வந்தான். மனைவி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனம் அவளைச் சுட்டது... ஆனாலும் கேட்டு வாங்கியது அவளேதான்!

"அக்கா அளவு நோட்டுல தனக்குன்னே ஒரு பக்கம் வச்சிருக்காங்க அத்தை," என்று ஓர்ப்படி, இளையவனின் மனைவி, சிரித்தபடி நோட்டை எடுத்து வந்து மாமியாரிடம் நீட்டினாள்.

"அத்தை, குடுத்திருங்க... உங்க கால்ல விழறேன்!" மூத்தவள் பதறினாள்.

மாமியார் வீடே கேட்கும்படி வாசித்தாள். "எழுவத்தாறு கிலோ... எழுவத்திரெண்டு... அறுவத்தாறு! எவ்வளவு பெருமையா எழுதி வச்சிருக்கா பாரு!"

கண் எதிர்ப்பக்கத்துக்குப் போனது. மேலே 'மாமா' என்றிருந்தது. "முப்பத்தாறு... முப்பத்தொம்போது... நாப்பத்தொண்ணு..." கடைசியாக இன்றைய தேதி. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. வாசிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை.

"அவரு நாப்பத்தஞ்சு ஆகறதுக்குள்ள நான் அறுவத்தாறு ஆயிட்டேன். டாக்டர் என் ஈரல வேண்டாம்னு சொல்லிரக் கூடாது... கடவுளே..."

ஓர்ப்படி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது போன் அடித்தது.

கணவன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். நர்சின் குரல்: "ரிப்போர்ட் வந்துருச்சும்மா. கொழுப்பு கொறைஞ்சிருச்சு. நீங்க தேறிட்டீங்க! நாளைக்கே ரெண்டு பேரும் வந்து சேந்துருங்க. பெரியவருக்கு இனி நாள் தள்ள முடியாது."

மாமியார் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "இந்த வாயாலதானேடி உன்னைக் கொன்னேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா..."

"சொல்லி, ஆகலேன்னா மாமா முகத்தப் பாக்க முடியாது அத்தை..." மாமியார் இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தத் தோள் எலும்பு கையில் குத்தியதும் இன்னும் பெரிதாக அழுதாள்.

அறையிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. "வேண்டாம்மா... ரெண்டு பிள்ளை பெத்தவ நீ. உன் வயித்தக் கிழிச்சு நான் வாழணுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள். "மாமா, பத்து கிலோவ எப்படிக் கொறைச்சேன்னு எனக்குத்தான் தெரியும். வீணாக்கிராதீங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

மறுநாள் காலை கார் வந்தது. ஆபத்து இருக்கிறது என்று அச்சடித்த காகிதத்தில் கணவன் கையெழுத்துப் போட்டிருந்தான். இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. பெட்டியோடு மருமகள் படியிறங்குவதைப் பார்த்து டீச்சர் ஓடி வந்தாள்.

"ஐயோ, இவளையுமா ஆஸ்பத்திரிக்கு? நான்தான் சொன்னேனே, இப்படி இளைச்சா..."

"இளைக்கல டீச்சர்," என்றாள் மாமியார். "என் மருமக தேறிட்டா."

பெரியவரை முன்சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்சீட்டில் மருமகளோடு ஏறிய மாமியார் அளவு நோட்டை அவள் மடியில் வைத்து, அவள் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரு போறீங்க... ரெண்டு பேரும் வரணும். அடுத்த அளவையும் நீதான் எழுதணும். தெரியுதா?"

மருமகள் தலையாட்டினாள். கார் தெருமுனை திரும்பியது. மாமியார் பிடியை விடவே இல்லை.