குமிழில் ஒரு கோடு

குமிழின் இடது ஓரத்தில் மயிரிழை கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது.

அவள் கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுக் கதவுக் குமிழ் அது. பளபளக்கும் பொருளைப் படமெடுத்தால் சுற்றியிருக்கும் அத்தனையும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எடுப்பவளின் மூக்கு முதற்கொண்டு. அதற்காகவே இரண்டடி அகல வெள்ளைத் துணிக் கூடாரம் ஒன்றை மேசைமேல் நிறுத்தி, குமிழை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் வெளியிலிருந்து விளக்கைப் பாய்ச்சியிருந்தாள். முன்னால் லென்ஸ் நுழைய ஓர் ஓட்டை. இடப்பக்கம், சுவரைப் பார்த்தபடி, பொருளை உள்ளே வைக்க ஒரு திறப்பு. அதை இழுத்து மூடிவிட்டால் குமிழில் லென்ஸின் புள்ளியைத் தவிர வெறும் வெள்ளைதான் தெரிய வேண்டும்.

எழுந்துபோய்ப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

மணி பிற்பகல் மூன்று. சன்னலெல்லாம் கறுப்புத் துணி, கதவு தாழிட்டிருந்தது. காற்றில் கூடாரம் அசையும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்ததால் விளக்குச் சூட்டில் தூசி கருகும் வாசனை அறைக்குள்ளேயே தேங்கி நின்றது. தங்கை கல்யாணமாகிப் போகும்வரை இது இரண்டு பேர் வேலை; ஒருத்தி துணியைப் பிடிக்க, இன்னொருத்தி படமெடுக்க, வாய் மட்டும் ஓயாது. நான்கு வருடமாக அவள் பேச்சுக்கு அவளேதான் ‘உம்’ கொட்டிக்கொள்கிறாள்.

நாற்காலிக்குத் திரும்பி கேமரா ரிமோட்டை அழுத்தினாள். கோடு அகலமாகியிருந்தது.

இன்னொரு படம். அந்தக் கறுப்புக்குள் வெளிறிய சிறு பட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு. துணியின் ஓரத்தைப் பற்றி மடங்கியிருந்தன.

தங்கைக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பாத்திரச் சத்தம், குழந்தையின் அழுகை.

“உன் விரலாத்தான் இருக்கும்க்கா.”

“நான் இந்தப் பக்கம் உட்கார்ந்துல்ல எடுக்கறேன்.”

“ரெண்டு நாளா யார்கிட்டயாவது பேசினியா நீ?”

அவள் திரையிலிருந்த பட்டைகளை இன்னும் பெரிதாக்கினாள்.

“லைட்டை அணைச்சிட்டுக் கொஞ்சம் படு. சாயந்திரம் கூப்பிடறேன்.”

போன் அடங்கியதும் அறை முன்பைவிடப் பெரிதானதுபோல் இருந்தது. “யாரு?” என்றாள். பேசிப் பழக்கமற்ற தொண்டை கரகரத்தது. பதில் வராதபோது, சொன்னால் வெட்கம், ஒரு கணம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகுதான் பயம் வந்தது. துணி கிளிப்புகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். திறப்பின் நீளத்துக்கும் மேலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் குத்தினாள். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் யாரும் இல்லை. ஓர் ஆள் நிற்க அங்கே இடமும் இல்லை.

திரும்ப வந்து அழுத்தினாள்.

சுத்தமான வெள்ளை. கோடு இல்லை. விரல் இல்லை. அவளையறியாமல் சிரிப்பு வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. மூடியாயிற்று, சரி. மூடும்போது அது எந்தப் பக்கம் இருந்தது?

தலையை நிமிர்த்தினாள்.

கூடாரத்தின் துணி அவள் பக்கமாகப் புடைத்திருந்தது. உள்ளிருந்து. முதலில் நெற்றி. பிறகு மூக்கு. இரண்டு குழிகள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

துணியும் நின்றது.

காத்திருந்தது.

நெஞ்சு வெடித்துவிடும்போல் ஆனதும் அடக்க முடியாமல் விட்டாள். துணி அவளை நோக்கி மெல்ல வெளியே வந்தது. வாயைச் சுற்றி வட்டமாக ஈரம் படர்ந்தது.