வாயாடியின் ஒலிப்பதிவு

மருத்துவர்கள் பேசி அனுப்பிய குறிப்புகளுக்கு நடுவே, ஹெட்போனில் அவளுக்கு மகளின் சிரிப்பு கேட்டது.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். சிரிப்பு நின்றது. வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. மேசைக்கடியில் இருக்கும் மிதியை அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். இந்தப் பதிவை யாரும் அனுப்பவில்லை. அவளும் எடுக்கவில்லை. பெயரே இல்லாத ஒரு ஃபைலுக்குள் வீட்டின் நான்கு வயது வாயாடி ஓயாமல் கதையளந்து, நடுநடுவே விழுந்து விழுந்து சிரித்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

சொந்த சமாச்சாரம் எதுவும் வேலை ஃபோல்டரில் இருக்கக் கூடாது என்று மேலாளர் ஏற்கெனவே அவளைக் காய்ச்சி எடுத்திருந்தார். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். அழித்தாள்.

டீ போட்டு எடுத்து வந்து உட்கார்ந்தால், அது அங்கேயே இருந்தது.

கணவனுக்கு ஃபோன் போட்டாள். கம்ப்யூட்டர்களோடு மாரடிப்பதுதான் அவன் பிழைப்பு.

"ஏங்க, ஒரு ஃபைலு அழிக்க அழிக்கத் திரும்பி வருதுங்க."

"உன் தம்பி மாதிரின்னு சொல்லு."

"விளையாடாதீங்க. பயமா இருக்கு."

"வைரஸா இருக்கும்மா. கைவேலைய முடிச்சிட்டு இங்கேர்ந்தே உள்ளே புகுந்து தூக்கிடறேன். நீ கண்டதையும் நோண்டாதே."

மனசு கேட்காமல் மறுபடி மிதியை அழுத்தினாள். பேச்சு இருந்தது. மூச்சு இருந்தது. சிரிப்பு இல்லை. சிரிப்பு வந்த இடங்களில் எல்லாம், துணியில் கத்தரித்து எடுத்தாற்போல் ஓட்டை விழுந்திருந்தது.

ஹாலில் குழந்தை தரையில் குப்புறப் படுத்து, பொம்மைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. கிட்டே போய் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். விரலைக் காட்டினாலே துள்ளி உருளும் குழந்தை, அந்த விரல்களையே பார்த்தது.

"என்னம்மா பண்றே?"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஃபோல்டர் மொத்தமும் தானாகவே நிறுவனத்துக்குப் போய்விடும். அவள் திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அழித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம் மண் வாசனையோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்க, மின்விசிறி கிரீச்சிட, ஃபிரிட்ஜ் உறும, அவற்றின் மேலாகத் திறந்துவிட்ட குழாய் போல ஓடிக்கொண்டிருந்த குழந்தையின் பேச்சு, ஒரு சொல்லின் பாதியில் நின்றது.

ஃபைல் திரும்பி வந்திருந்தது.

கேட்டாள். மூச்சு. வெறும் மூச்சு.

"குட்டிம்மா?"

குழந்தை வாயைத் திறந்தது. மூடியது. அம்மாவின் உதடுகளை உற்றுப் பார்த்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இதைத் தொடக் கூடாது. யாரும் தொடக் கூடாது. வேலை போனால் போகட்டும்.

அப்போது திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

மவுஸ் மேல் அவள் கை இல்லை.

ஃபோனை எடுத்தாள். மணி அடித்தது. அவன் எடுக்கவில்லை. அம்பு ஃபைலை நெருங்கியது. மவுஸைப் பிடித்து இழுத்தாள். அம்பு விலகியது. திரும்பி வந்தது. இழுத்தாள். வந்தது.

"வேணாங்க! வேணாம்!"

பவர் பட்டனை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். திரை அணைவதற்குள் ஃபைல் மறைந்தது.

ஃபோன் அடித்தது.

"ஏம்மா, நான் ஒரு பக்கம் இழுத்தா நீ ஒரு பக்கம் மல்லுக்கட்டறே? வேரோட பிடுங்கிட்டேன் பாரு. இனி ஜென்மத்துக்கும் வராது."

அவள் ஹால் பக்கம் திரும்பினாள்.

"எங்க நம்ம வாயாடி? சத்தத்தையே காணோம்? குடு, பேசறேன்."

அறையின் வாசற்படியில் குழந்தை நின்றிருந்தது. கவுனின் மார்புப் பகுதி ஏறவில்லை. இறங்கவில்லை. அவள் மண்டியிட்டு அதன் மூக்கருகே விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

ஒன்றுமில்லை.

"ஹலோ? செல்லம்?"

அப்பாவின் குரல் கேட்டு, குழந்தையின் கண்கள் திரும்பின. கையை நீட்டி, அம்மாவின் பிடியிலிருந்து ஃபோனை மெல்ல உருவிக்கொண்டது. இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்து வைத்து, எப்போதும்போல் தலையைச் சாய்த்து, பேசுவதற்கு வாயைத் திறந்தது.