எழுந்து போகிறவர்கள்

பதினோராவது நிமிடத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மரத்தரையில் நாற்காலிக் கால் உரசுகிற, எந்த மேடையிலும் கேட்கக்கூடிய சத்தம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த அந்த இசைத்தட்டை அவள் இருபது தடவையாவது கேட்டிருப்பாள். அந்த இடத்தில் எந்த நாற்காலியும் நகர்ந்ததே இல்லை.

நூலகத்தின் மாடியில், வாசிப்புக் கூடத்தை ஒட்டிக் கண்ணாடிக் கதவு போட்ட சிறிய இசை அறைக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் 'சங்கீதம் அக்கா'. மேலதிகாரிக்கு அந்த அறைமேல் வெகுநாளாக ஒரு கண். பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்க இடம் போதவில்லையாம். "ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுங்களைக் கூப்பிட்டு இசை கேக்க உட்கார வைக்கிறேன் சார். யாரும் வரலேன்னா சாவியை நானே கொண்டுவந்து தரேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த ஞாயிறு நாளைக்கு. இன்று சனி, அரைநாள். வாசகர்கள் போய்விட்டார்கள். வெளியே மழைக்கு முந்தைய மதியம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அவள் தேர்ந்தெடுத்திருந்தது எண்பத்தேழு பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு நவீன இசைக்குழுப் படைப்பு. முணுமுணுக்க ஒரு மெட்டு கிடைக்காது. ஒவ்வொரு வயலினும் தனக்கென்று ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு மெல்ல ஊர, ஊர்ந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கனத்து, அறையின் காற்றே தடித்துவிட்டதுபோலத் தோன்றும்போது, சட்டென்று அத்தனையும் அடங்கி, டபுள் பாஸ் என்கிற ஆளுயர வயலின் ஒன்று மட்டும் தரைக்கடியிலிருந்து முனகும். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஓர் இடத்துக்காகவே இதை எடுத்தாள். நாற்காலி நகர்ந்ததும் அங்கேதான்.

ஊசியைத் தூக்கி, தட்டை மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்து, மறுபடி வைத்தாள். அதே நாற்காலி. இம்முறை அதைத் தொடர்ந்து காலணிச் சத்தம், நிதானமாக, நான்கு அடி. ஒரு கதவு திறந்து, பெருமூச்சு விட்டதுபோல மூடிக்கொண்டது. பிறகு பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக எழும்ப வேண்டிய இடம் வந்தபோது, நடுவில் ஒரு ஹார்னின் குரல் இல்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு துழாவுவதுபோல அவள் காது அந்தப் பள்ளத்தையே துழாவியது.

தட்டில்தான் ஏதோ கோளாறு. போன மாதமே அதைத் தன் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைப் போட்டாள்.

அதில் மூன்று நாற்காலிகள் நகர்ந்தன.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். கிழிந்த புத்தகங்களைத் தைத்துக்கொண்டிருந்த பைண்டர், விரலில் பசையோடு மேலே வந்தான். அவளைவிட நாலைந்து வயது சின்னவன், வாய் ஓயாதவன்.

"என்னக்கா, மறுபடியும் உங்க பூனைச் சண்டையா?"

"கிண்டல் அப்புறம் பண்ணு. இதைக் கேளு. என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லு."

அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவள் ஊசியை மறுபடி தட்டில் வைத்தாள். வயலின்கள் ஊர்ந்தன. முன்னைவிட மெலிந்திருந்தன. பதினோராவது நிமிடம்.

"யாரோ எந்திரிச்சுப் போறாங்க" என்றான். "இன்னொருத்தர். இன்னும் ரெண்டு பேர். என்னக்கா, காபி குடிக்கவா போறாங்க?"

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குக் கேட்டது அவனுக்கும் கேட்டுவிட்டது. கைப்பேசியிலும் கேட்டபிறகு தன் காதைத்தான் சந்தேகப்பட்டிருந்தாள். அந்த ஆறுதலும் போயிற்று.

"வரிசை வரிசையா போறாங்கக்கா." அவன் குரல் இறங்கியிருந்தது. "எங்க போறாங்க?"

கைப்பேசி அதிர்ந்தது. மேலதிகாரி. அறைக்குள் சரியாகக் கேட்காது. "தட்டை நிறுத்தாதே, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வாசிப்புக் கூடத்தைக் கடந்து படிக்கட்டுக்குப் போனாள். நாளைக்காகக் கொண்டுவந்த நாற்காலிகள் கூடத்தின் சுவரோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன.

"நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?" என்றார் மேலதிகாரி.

"வருவாங்க சார்."

"எண்ணிக்கை கேட்டேன்ம்மா."

"நாளைக்கு வேண்டாம் சார்." தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. "அறையை எடுத்துக்குங்க."

மறுமுனையில் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. உள்ளே இசை நின்றிருந்தது.

ஓடினாள். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. பைண்டர் இல்லை. படிக்கட்டில் அவள்தான் நின்றிருந்தாள். அவளைத் தாண்டி யாரும் இறங்கவில்லை. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் வாத்தியம் ஒன்றும் இல்லை. ஆளில்லாத பெரிய அரங்கின் வெற்றுக் காற்று மட்டும். தூசி மணம்கூட வந்தது. பழைய வெல்வெட். மரப்பிசின்.

ஒரு நாற்காலி நகர்ந்தது.

அவள் ஒலியைக் குறைத்தாள்.

இன்னொன்று நகர்ந்தது.

முழுவதும் அணைத்தாள். ஊசியைத் தூக்கினாள். தட்டு நின்றது.

நாற்காலிகள் நகர்ந்தன. பத்து. இருபது. முதுகுக்குப் பின்னால். கூடத்தில்.

பிறகு அமைதி.

திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பினாள்.

கண்ணாடிக்கு அப்பால் நாற்காலிகள் அரைவட்டமாக, வரிசை பிசகாமல் போடப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள். கறுப்பு உடை. யாரிடமும் வாத்தியம் இல்லை. ஆனால் இல்லாத வயலின்களின்மேல் தாடைகள் சாய்ந்திருந்தன, இல்லாத ஹார்ன்களை ஊதிக் கன்னங்கள் உப்பியிருந்தன, கைகள் வெற்றுக் காற்றில் ஒரே வேகத்தில் போய் வந்தன. எந்தச் சத்தமும் இல்லை. அத்தனை கண்களும் அவள்மேல்.

கடைசி வரிசையில் பைண்டர். இசை என்றால் என்னவென்றே தெரியாதவன். இல்லாத தந்திகளின்மேல் அவன் இடது கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் தேய்ந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து சொட்டிய ரத்தம் தரையைத் தொட்டபோதும் சத்தமில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். கை நிற்கவில்லை.